ஜொகூர் வரைக்கும்

வேன் ஆன்ட்டியின் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. அம்மாவின் கைப்பேசியில் அவர் 'வேன்' என்று மட்டும்தான் பதிவாகியிருந்தார். அவரும் என் பெயரை ஒருநாள்கூடச் சொன்னதில்லை. அவருக்கு நான் முப்பத்திரண்டு. அது எங்கள் வீட்டு எண். பின் வரிசையில் என் பக்கத்தில் உட்காரும் சின்னப்பெண் ஏழு. வேறு வேறு தெருக்களில் இரண்டு பத்தாம் எண் வீடுகள் இருந்ததால் பெரிய பத்து, சின்னப் பத்து என்று இரண்டு பேர். இப்படிப் பதினான்கு பிள்ளைகள் எண்களாகவே அந்த வேனில் ஏறி, உலு திராமில் இருந்த தமிழ்ப்பள்ளிக்குப் போய் வந்தோம்.

ஏறியதும் விலாசம் சொல்ல வேண்டும். இது அவருடைய சட்டம். வணக்கம் எல்லாம் அதற்குப் பிறகுதான். படியில் கால் வைத்து, கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வீட்டு எண், ஜாலான் என்று தொடங்கும் தெருப்பெயர், தாமான் என்று தொடங்கும் குடியிருப்புப் பெயர், உலு திராம், அஞ்சல் எண்ணின் ஐந்து இலக்கங்கள், கடைசியாக மாநிலமான ஜொகூர் என்று ஒரே மூச்சில் சொல்லி முடிக்க வேண்டும். எங்கள் தாமானில் தெருக்களுக்கெல்லாம் மலாய்ப் பூக்களின் பெயர். பூப்பெயர் போதாதென்று அதற்கு ஒரு எண்ணும், எண்ணுக்குக் கீழே இன்னொரு எண்ணும் போட்டிருந்தார்கள். சொல்லி முடிப்பதற்குள் நல்ல உடம்புக்காரனுக்கே மூச்சு வாங்கும்.

நாம் சொல்லும்போது ஆன்ட்டி நம்மைப் பார்க்க மாட்டார். கண் முன்கண்ணாடியில் இருக்கும். இடது காது மட்டும் கதவுப் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். முடித்ததும் தீர்ப்பு வரும்.

"சின்னப் பத்து, தாமான்ல நின்னுட்ட. நேத்து மழையில ஆடுனியா? அம்மாகிட்ட சொல்லு, சளி கட்டியிருக்கு."

"பதினெட்டு, பாதியிலயே மூச்சு வாங்குற. ஓடி வந்தியா, உடம்பு முடியலயா? ஓடி வந்தன்னா சரி. போய் உக்காரு."

தொலைந்துபோனால் வீட்டுக்கு வழி சொல்லத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் இந்தப் பயிற்சி என்று நாங்கள் நினைத்திருந்தோம். எங்கள் பெற்றோரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஒரு அப்பா அவரை மெச்சிக்கூடப் பேசினார். ஆன்ட்டி மறுக்கவில்லை.

அவர் அப்படியொன்றும் பிரியமான ஆள் இல்லை. மற்ற வேன்களில் பாட்டு ஓடும், ஒன்றிரண்டில் படமே ஓடும். எங்கள் வேனில் வானொலியைத் தொட்டால் கையில் ஒரு தட்டு விழும். "பாட்டு போட்டா எனக்குக் காது கேக்காது," என்பார். பாட்டு கேட்பதற்குத்தானே காது என்று பெரிய பத்து ஒருமுறை கேட்டுவிட்டு ஒரு வாரம் முன் வரிசையில் அவர் கண்பார்வையிலேயே உட்கார வேண்டியதாயிற்று.

அந்தக் காதின் கதையை ஒருநாள் நெரிசலில் மாட்டிக்கொண்டபோது அவரே சொன்னார். வேன் ஓட்டுவதற்கு முன்னால் செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரச்சோதனைப் பிரிவில் இருந்திருக்கிறார். காற்றாடிக்குள் வைக்கும் சின்ன மோட்டார்கள். ஓடவிட்டுக் காதருகே பிடித்து, சத்தம் சரியென்றால் ஒரு கூடை, சரியில்லையென்றால் இன்னொரு கூடை.

"பதினொரு வருஷம் இந்தக் காதுதான் எனக்குச் சோறு போட்டுச்சு. மெஷின் ஓக்கேன்னு காட்டும், என் காது ரிஜெக்குன்னு சொல்லும். சூப்பர்வைசர் மெஷினத்தான் நம்புவான். ஒரு மாசத்துல அந்த மோட்டார் திரும்பி வரும் பாரு."

இந்தப் பெருமை அவரை விடவேயில்லை. ஒருமுறை சிவப்பு விளக்கில் நிற்கும்போது சன்னலை இறக்கி, பக்கத்துக் காரில் இருந்த மலாய்க்காரரிடம் அவருடைய இடது முன்சக்கரம் முனகுகிறது, உடனே பட்டறையில் காட்டு என்றார். அந்த மனிதர் தன் சன்னலை ஏற்றிக்கொண்டார். "போ, நடுரோட்டுல நில்லு, எனக்கென்ன லா," என்று ஆன்ட்டி தமிழில் முடித்தார். பின்னால் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

நான் மட்டும் கொஞ்சம் குறைவாகச் சிரித்திருப்பேன். அந்தக் காதைக் கண்டு எனக்குப் பயம். எனக்கு இழுப்பு நோய் இருந்தது. அது அவருக்குத் தெரியக்கூடாது.

இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று இன்று தோன்றும். ஆன்ட்டிக்கு முன்னால் வேறொரு வேனில் போய்க்கொண்டிருந்தேன். அதை ஓட்டியவர் நல்ல மனிதர். ஒருநாள் வேனுக்குள் எனக்கு மூச்சு இழுத்து, உதடு வெளுத்து, அவர் வண்டியைத் திருப்பி என்னை வீட்டில் இறக்கிவிட்டார். மறுநாள் வரவில்லை. அம்மா அழைத்தபோது, "நாளைக்கு ஒன்னு கெடக்க ஒன்னு ஆயிப்போச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது, தங்கச்சி?" என்றார். அம்மா சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை செய்தார். விடியும் முன்பே தொழிற்சாலைப் பேருந்து வந்துவிடும். அப்பா லாரியில் வடக்கே போனால் திரும்ப மூன்று நாள். வேன் இல்லையென்றால் எனக்குப் பள்ளி இல்லை, அல்லது அம்மாவுக்கு வேலை இல்லை. எனக்கு ஒன்பது வயது. இந்தக் கணக்கு எனக்கு நன்றாகவே புரிந்தது.

அதனால் எங்கள் வீட்டில் இழுப்பு என்ற சொல்லே புழங்கவில்லை. "அது வந்துச்சா?" என்றுதான் அம்மா கேட்பார். இல்லை என்று சொன்னால் அவர் முகம் தெளியும். பல நாள் அந்த முகத்துக்காகவே இல்லை என்றேன்.

கிளினிக்கில் எனக்கு வாயில் வைத்து அடிக்கும் மருந்துப் பம்ப் இரண்டு கொடுத்திருந்தார்கள். நீல நிறம் மூச்சு முட்டும்போது அடிப்பது. காப்பி நிறம் முட்டினாலும் முட்டாவிட்டாலும் காலையும் இரவும் அடிக்க வேண்டியது. நீலம் அடித்தால் உடனே நெஞ்சு திறந்துகொள்ளும். காப்பி நிறத்தை அடித்தால் ஒன்றுமே தெரியாது. வேலை செய்யாத ஆளுக்கு எதற்கு வீட்டில் இடம் என்கிற மாதிரி அம்மா அதை அலமாரியில் தூக்கி வைத்துவிட்டார். தினமும் அடித்தால் உடம்பு அதற்குப் பழகிவிடும் என்று யாரோ சொல்லியும் இருந்தார்கள். புது ஆன்ட்டி ஏறும்போது விலாசம் கேட்கிறார் என்று நான் முதல்நாள் வந்து சொன்னதும் அம்மா ஒரு வழி சொன்னார்.

"வேன் ஹார்ன் அடிக்கறதுக்கு முன்னாடி நீலத்த ரெண்டு அடி அடிச்சுக்க. அப்புறம் ஏறு."

அப்படியே செய்தேன். அம்மா போன பிறகு கதவுக்குப் பின்னால் நின்று இரண்டு அடி, பம்பைப் பென்சில் பையில் போட்டுக்கொண்டு, வீட்டைப் பூட்டி வேனில் ஏறி, ஜொகூர் வரைக்கும் ஒரே மூச்சு. மழை, பனி, காய்ச்சல் எதுவாக இருந்தாலும் ஜொகூர்தான். மற்றவர்கள் ஜாலானிலும் தாமானிலும் தடுக்கி விழும்போது நான் மட்டும் தினமும் ஊர்போய்ச் சேர்ந்துகொண்டிருந்தேன்.

ஆன்ட்டி இதற்காக என்னைப் பாராட்டியதில்லை. ஒருநாள் சொன்னார், "முப்பத்தி ரெண்டு, நீ ஒருத்திதான் எந்நாளும் ஒரே மாதிரி சொல்ற. மனுசன் மூச்சு அப்படி இருக்காதே." கண்ணாடியில் முதன்முறையாக என்னைப் பார்த்தார். நான் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டினேன்.

அந்த வருடம் புகைமூட்டம் வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் காடு எரிந்தால் எங்களுக்கு வானம் தெரியாது. எதிர் வரிசை வீடுகள் மங்கலாகத் தெரிந்தன, துணியெல்லாம் கரிவாடை. பள்ளியை மூடுகிற அளவுக்குப் புகை இன்னும் ஏறவில்லை என்றார்கள். ஆனால் திடலில் விளையாட வேண்டாம் என்றார்கள். நீலப் பம்பை நான் காலையில் வாசலிலும், ஓய்வு நேரத்தில் பள்ளிக் கழிப்பறையிலும், கணக்குப் பாடத்துக்கு முன்னாலும் அடித்தேன். ஒவ்வொரு முறையும் நெஞ்சு திறந்திருந்த நேரம் குறைந்துகொண்டே வந்தது. அதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. காலையில் மட்டும் தவறாமல் ஜொகூர் வரைக்கும் சொன்னேன்.

நான்காம் நாள் பள்ளி விட்டு வேனில் ஏறினோம். திரும்பும்போது ஆன்ட்டி விலாசம் கேட்பதில்லை. கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். ஏழு ஏதோ பேசிக்கொண்டே வந்தாள். எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. தோள் இரண்டும் தாமாக ஏறி ஏறி இறங்கின. மற்ற பதின்மூன்று பேர் இரைச்சல் வேறு. பெரிய சாலைக்குத் திரும்பும் இடத்தில் ஆன்ட்டி திடீரென்று, "எல்லாரும் வாய மூடு!" என்று கத்தினார்.

வேன் அமைதியானது. பின்னாலிருந்து மெல்லிய விசில் மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. அது என்னுடையதுதான் என்று தெரிய எனக்கே கொஞ்சநேரம் ஆயிற்று.

"முப்பத்தி ரெண்டு. விலாசம் சொல்லு."

"நம்பர்," என்றேன். அவ்வளவுதான் வந்தது.

வேனை ஓரமாக நிறுத்திவிட்டுப் பின்னால் வந்தார். என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"பம்ப் இருக்கா?"

இல்லையென்று தலையாட்டினேன். மூச்சு இல்லாத நேரத்திலும் பொய் மட்டும் தடையில்லாமல் வந்தது. அவர் என் புத்தகப்பையைப் பிடித்துத் தலைகீழாகக் கவிழ்த்தார். பென்சில் பையைத் திறந்து நீலப் பம்பை எடுத்துப் பார்த்தார். ஏழுவின் தண்ணீர்ப் போத்தலைப் பிடுங்கித் தண்ணீரைச் சன்னலுக்கு வெளியே ஊற்றினார். என் பையிலிருந்து விழுந்த கத்தரிக்கோலால் அதன் அடிப்பக்கத்தில் பம்பின் வாய் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டார். போத்தலின் வாயை என் வாயில் வைத்தார்.

"நிமிந்து உக்காரு. நான் ஒரு அடி அடிப்பேன். நீ அவசரப்படாம அஞ்சு வாட்டி மூச்சு விட்டு இழு. அஞ்சும் முடிஞ்சப்புறம்தான் அடுத்த அடி. என் மூஞ்சியப் பாரு. புள்ளைங்களா, அஞ்சு வரைக்கும் எண்ணுங்க!"

பதின்மூன்று பேரும் எண்ணினார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, இனி வேன் கிடையாது என்பதுதான் தெளிவாகத் தெரிந்தது. அழுதால் மூச்சு இன்னும் முட்டும் என்பதால் அழவில்லை.

அப்புறம் அவர் யாரையும் வீட்டில் இறக்கவில்லை. வண்டியை நேராக அரசாங்கக் கிளினிக்குக்கு விட்டார். வெள்ளையும் நீலமுமாகச் சீருடையில் பதினான்கு பிள்ளைகள் வரிசையாக உள்ளே போனதும் முகப்பில் இருந்த தாதி எழுந்தே நின்றுவிட்டாராம். "அலமாக், இத்தனை பேருக்குமா?" என்று கேட்டாராம். ஒருத்திக்குத்தான், மற்றதெல்லாம் துணைக்கு வந்தது என்றாராம் ஆன்ட்டி. எனக்கு முகமூடி வைத்து 'கேஸ்' கொடுத்தார்கள். மருந்து புகையாக வரும் அந்த முகமூடியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். ஆன்ட்டியின் தொலைபேசி ஓயாமல் அடித்தது. பிள்ளை எங்கே என்று கேட்ட ஒவ்வொரு தாய்க்கும், "கிளினிக்ல இருக்கோம். உங்க புள்ள நல்லா இருக்கு, வைங்க," என்ற ஒரே பதில்தான்.

அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. தொழிற்சாலைக்குள் தொலைபேசி கொண்டுபோக விடமாட்டார்கள். எல்லாப் பிள்ளைகளையும் இறக்கிவிட்டு, ஆன்ட்டி என்னோடு எங்கள் வீட்டில் உட்கார்ந்துவிட்டார். அம்மா வந்து கதவைத் திறந்தவர், சோபாவில் ஆன்ட்டியையும் மேசைமேல் ஓட்டை போட்ட போத்தலையும் பார்த்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, வேன விட்டு நிப்பாட்டிறாதீங்க. இனிமே இப்படி ஆகாம நான் பாத்துக்குறேன்."

"எப்படிப் பாத்துக்குவீங்க? இன்னும் ரெண்டு அடி சேத்து அடிச்சு அனுப்புவீங்களா?" ஆன்ட்டிக்குக் குரல் உடைந்தது. கோபத்தில் என்றுதான் அன்று நினைத்தேன். "தெனமும் அடிச்சு அனுப்பி, ஆறு மாசமா என் காதுல பூ சுத்தியிருக்கீங்க. நானும் ஜொகூர் வரைக்கும் வந்துட்டாளேன்னு நிம்மதியா வண்டிய ஓட்டிக்கிட்டு இருந்தேன்."

"சொன்னா ஏத்த மாட்டீங்கன்னு பயந்துட்டேன்க்கா. முந்தி ஒருத்தரு அப்படித்தான்..."

"ரிஜெக் பண்றதுக்கு இது என்ன மோட்டாரா?" என்றார் ஆன்ட்டி. அம்மா வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். ஆன்ட்டி எழுந்து போய் எங்கள் சமையலறையில் தேடிப்பிடித்துத் தேநீர் போட்டுவந்து கொடுத்தார். சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டிருந்தார். அதையும் அம்மா குடித்தார்.

மறுவாரத்திலிருந்து நான் முன் இருக்கை. அலமாரியில் கிடந்த காப்பி நிறப் பம்ப் வேனுக்கு வந்தது. "காலை அடி என்னோடது, ராத்திரி அடி உங்களோடது," என்று அம்மாவோடு பேசி முடித்திருந்தார். பெரிய சாலைக்கு வருமுன் வேனை நிறுத்தி, போத்தலை நீட்டி அடித்துவிடுவார். பிறகு வாய் கொப்பளித்துச் சன்னல் வழியே துப்ப வேண்டும். துப்புவதற்கு அனுமதி இருந்த ஒரே ஆள் நான்தான் என்பதில் மற்றவர்களுக்குப் பொறாமை. நீலத்துக்கு மட்டும் புதுச்சட்டம் வந்தது.

"முட்டுச்சுன்னா எப்ப வேணாலும் அடி. அடிச்சத மறைக்காத. ஆனா எனக்காக அடிச்சிட்டு ஏறாத. இருக்குற மூச்சோட வா."

இருக்கிற மூச்சோடு ஏறிய முதல்நாள் தாமானில் நின்றுவிட்டேன். பத்து நிமிடம் கழித்து, காரணமில்லாமல், ஆன்ட்டி இன்னொரு முறை சொல்லச் சொன்னார். இப்போது ஜாலானைத் தாண்ட முடியவில்லை. வேனுக்குள் மோந்து பார்த்தார். முகப்பில் சின்ன முருகன் சிலைக்கு முன்னால் அவர் தினமும் ஏற்றும் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. நான் இருமலை அடக்கிக்கொண்டு அதைப் பார்க்காத மாதிரி இருந்தேன்.

"அட கடவுளே, இத்தன நாளா நான்தானா?" என்று பத்தியை நசுக்கினார். "கோச்சுக்காத முருகா. இனிமே வீட்டுலயே கும்பிட்டுட்டு வர்றேன்." அன்றுமுதல் முருகனுக்குப் பூ மட்டும்தான். ஊதுபத்தி வாசம் போன வேன் எங்களுக்கு வேறு யாருடைய வேனோ மாதிரி இருந்தது.

இரண்டு வாரம் கழிந்திருக்கும். ஏழு ஏறும்போது விலாசம் சொல்லாமல் நின்றாள். பையைத் திறந்து ஒரு நீலப் பம்பை எடுத்து நீட்டினாள். "எனக்கும் இருக்கு ஆன்ட்டி. அம்மா சொல்ல வேணாம்னாங்க." அந்த வாரமே பதினெட்டும் கொண்டுவந்தான். ஆக, பதினான்கு பேரில் மூன்று பேர் கதவுக்குப் பின்னால் நின்று அடித்துவிட்டு ஏறியிருக்கிறோம். ஆன்ட்டி இன்னும் இரண்டு போத்தல்களில் ஓட்டை போட்டு, மூன்றிலும் வீட்டு எண்ணை எழுதி, இருக்கைக்குப் பின்னால் பையில் தொங்கவிட்டார்.

காப்பி நிறப் பம்ப் வேலை செய்யாத ஆள் இல்லை என்று மூன்று மாதத்தில் தெரிந்தது. நீலம் பென்சில் பையில் பல வாரம் தூங்கியது. ஆறாம் வகுப்பு முடிக்கும்வரை அந்த வேனில் போனேன். அதற்குப்பிறகு அவரைப் பார்க்கவில்லை.

போன மாதம் கூலாயில், ஒரு கோவில் மண்டபத்தில் ஏழுவுக்குக் கல்யாணம். பழைய வேன் கூட்டத்தை விடாமல் அழைத்திருந்தாள். நான் இப்போது பத்து பாகாட் என்ற ஊரில் ஒரு துணித் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எனக்கும் நிச்சயம் ஆகியிருக்கிறது. என் வருங்கால மாமியார் ஏழுவின் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொந்தம். அதனால் அவரும் வந்து என் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். எனக்கு இழுப்பு இருப்பது அவர் மகனுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. "கல்யாணம் முடியட்டும், அப்புறம் பக்குவமா சொல்லிக்கலாம்," என்று அம்மா சொல்லியிருந்தார். ஓமப்புகை இருக்கும் என்று தெரிந்ததால், மண்டபத்துக்குள் வருமுன் காருக்குள்ளேயே நீலத்தை இரண்டு அடி அடித்துக்கொண்டேன்.

ஆன்ட்டியை யாரோ கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். தலை முழுக்க நரை. அருகில் போய், "முப்பத்திரண்டு, ஆன்ட்டி," என்றேன். கையைக் காதருகே குவித்தார். இடது காது போய்விட்டதாம், வலது காது பாதியாம். தொழிற்சாலை இரைச்சலா, வேன் எஞ்சினா என்று டாக்டருக்கே சொல்லத் தெரியவில்லையாம். "ரெண்டும் பங்கு போட்டுக்கிச்சு," என்று ஊருக்கே கேட்கும் குரலில் சிரித்தார். காது கேட்காதவர்களுக்குத் தம் குரலின் அளவு தெரிவதில்லை. முகத்தைப் பார்த்தே யாரென்று தெரிந்துகொண்டவர், என்னைப் பிடித்து என் நாற்காலிக்கே கூட்டிவந்து உட்காரவைத்து, எதிரில் தானும் உட்கார்ந்தார்.

"இப்ப எங்க இருக்க? விலாசம் சொல்லு."

பத்து பாகாட் விலாசத்தைச் சொன்னேன். எண், ஜாலான், தாமான், ஊர், அஞ்சல் எண், ஜொகூர். ஒரே மூச்சு. அவருக்கு ஒரு சொல்லும் கேட்டிருக்காது. ஒருநாளும் எங்களைப் பார்க்காமல் கேட்டவர், இப்போது கண்ணெடுக்காமல் என் கழுத்துக்குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிக்கல போலிருக்கே. ஜொகூர் வரைக்குமா?"

ஆமென்று தலையாட்டினேன். அவர் முகத்தில் மகிழ்ச்சி வரவில்லை. பழைய சந்தேகம்தான் வந்தது.

"அடிச்சிட்டு வந்தியா?"

மேளம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் மாமியார் வெற்றிலைத் தட்டிலிருந்து பாக்கைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். இல்லையென்று தலையை ஆட்டினால் போதும், முடிந்துவிடும். அந்த அசைவு எனக்கு மிகவும் பழக்கமானது. என்னால் அதைச் செய்ய முடியவில்லை.

"ஆமா ஆன்ட்டி, ரெண்டு," என்றேன், மெதுவாக.

"என்ன?" என்றார், கையைக் குவித்து முன்னால் சாய்ந்து.

மாமியார் எங்கள் பக்கம் திரும்பினார். நான் எழுந்து நின்று, மேளத்துக்கு மேலே கேட்கும்படி இன்னொரு முறை சொன்னேன்.

"எனக்கு இன்னும் இழுப்பு இருக்கு, ஆன்ட்டி. பம்ப் ரெண்டு அடி அடிச்சிட்டுத்தான் வந்தேன்."